மூன்றாம் தெருவுக்குத் தண்ணீர் என்றைக்கு

மார்ச் 3, வெள்ளி

மொச்சை, நீ விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர்ப் பெட்டி என் உயிரை வாங்குகிறது. காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பி வாசலைப் பூட்டுகிறேன், இரண்டாம் தெருக்காரி ஒருத்தி வந்து மறிக்கிறாள். "யக்கா, தண்ணிப் பக்கம் தெறக்க மாட்டேங்கே." நான் என்ன, பக்கத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டா திரிகிறேன்? அவளை அனுப்பிவிட்டுத் தெருமுனைக்குப் போனால் பால்காரர். ஆபீசில் போய் உட்கார்ந்தால் போன். சாயங்காலத்துக்குள் பதினோரு பேர்.

எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீருக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் போட வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? தெருவையும் தேதியையும் அழுத்தினால் அன்றைக்குத் தண்ணீர் உண்டா இல்லையா, எத்தனை மணிக்கு என்று சொல்லும் என்றாய். சொல்லவும் சொன்னது. ஐந்து தெருச் சனமும் பழகிவிட்டது. குழாயடியில் குடத்தை வரிசை போட்டுக் காத்துக் கிடந்தவர்கள்தான் எல்லோரும். இப்போது பிறந்த நாளிலிருந்து மணி பார்த்தே தண்ணீர் பிடித்தவர்கள் மாதிரி என்னிடம் கோபப்படுகிறார்கள்.

மூன்று நாளாக அந்தப் பக்கத்தில் ஐந்நூறு என்று ஒரு எண்ணும் அதன் கீழே இங்கிலீஷில் நாலு வரியும்தான் வருகிறது. நான் எதையும் தொடவில்லை.

ஊருக்கு நாளைத் தண்ணீர் வேண்டும். எனக்கு ஜனவரி 19 வேண்டும். அன்று சாயங்காலம் நாலரைக்கு நம் தெருவுக்குத் தண்ணீர் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்து நீதான் சொன்னாய். நான் ஓடி வந்தேன். இரண்டு மணி நேரம் குழாய் காற்றைத்தான் ஊதியது. நான் திரும்பி வந்தபோது உன் கட்டிலில் வேறு விரிப்பு விரித்திருந்தார்கள்.

உன் பக்கம் அன்றைக்குப் பொய் சொன்னதா, இல்லை மாசாணம் அண்ணாச்சி வால்வைத் திறக்காமல் விட்டுவிட்டாரா, அது எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு இந்தப் பெட்டியை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகட்டும்.

மார்ச் 5, ஞாயிறு

அப்படி எழுதி இரண்டு நாள் ஆகவில்லை, தூக்கிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டது. காலனிச் செயலாளர், போஸ்ட் மாஸ்டராக இருந்தாரே, பரமகுரு சார். அவருக்கும் ஊருக்கும் நீ செண்பகம், எனக்குத்தான் மொச்சை.

"ஏம்மா சீனியம்மா, பெட்டி காலனி சொத்துல்லா. செண்பகம் இருந்தா, ஓட்டுனா. நல்ல பிள்ளை. இப்ப ஓட்ட ஆள் இல்ல. இருபத்தாறாந் தேதி கூட்டத்துல பேசிட்டு எடுத்துக்கிடுதோம். எல்லாருகிட்டயும் போன் இருக்கு. ஒரு வாட்ஸ்அப் குரூப்பப் போட்டா முடிஞ்சு போச்சு."

"எடுத்து என்ன செய்வீங்க சார்?"

"ஜெயபால் கடையில குடுத்து உள்ள இருக்கத எல்லாம் சுத்தமாத் துடைச்சிட்டு, காலனிக்கு நோட்டீஸ் அடிக்க வச்சுக்கிடுவோம்."

துடைப்பார்களாம். நன்றாகத் துடைக்கட்டும். ஜனவரி 19-ஐ நான் பார்த்த பிறகு துடைக்கட்டும். இருபத்தொரு நாள் இருக்கிறது.

காபி கொடுத்தேன். பாதியை டம்ளரிலேயே விட்டுவிட்டுப் போனார். அதுவும் பிடித்து வைத்த தண்ணீரில் போட்டதுதான். போஸ்ட் மாஸ்டருக்கு எங்கே தெரியும்?

மார்ச் 6, திங்கள்

வால்வு மாசாணம் அண்ணாச்சியை போனில் பிடித்தேன். ஜனவரி 19 சாயங்காலம் மூன்றாம் தெரு வால்வைத் திறந்தீர்களா என்று கேட்டேன்.

"தாயி, நேத்து எந்த வால்வத் தெறந்தேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. ரெண்டு மாசத்துக் கதையக் கேக்க. நான் தெறக்கதுக்கு முன்னால உந்தங்கச்சிட்ட சொல்லிருவேன், அது எழுதிக்கிடும். அதுகிட்டத்தான் கேக்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, "வச்சிருதேன் தாயி" என்றார்.

எல்லோருக்கும் பாதியில் வைத்துவிட வேண்டியது.

மார்ச் 8, புதன்

செல்போன் கடை ஜெயபாலை நானே கூட்டி வந்தேன். பெட்டியைத் தட்டிப் பார்த்தான், தேங்காயைத் தட்டுகிற மாதிரி.

"யக்கா, இது எங்க அப்பா காலத்துப் பொட்டி. பார்மெட் அடிச்சிருவோம். புதுசு மாதிரி ஆயிரும்."

"அடிச்சா உள்ள இருக்கது?"

"உள்ள ஒன்னும் இருக்காது. அதான் புதுசுங்கேன்."

நான் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். "ஒரு வரி அழிஞ்சாலும் உன் கடை வாசல்ல வந்து உக்காந்துக்கிடுவேன், பாத்துக்கோ. வாரவனெல்லாம் என்னத் தாண்டித்தான் உள்ள வரணும்."

கையை எடுத்துக்கொண்டான். அந்தப் பக்கத்தை ஓட்டுகிற கோப்பு ஒன்று இருக்கிறதாம், அதை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போய்க் கடையில் வைத்துப் பார்க்கிறேன் என்றான். சரி என்றேன். போகும்போது, "செண்பகம் அக்கா இதெல்லாம் எங்க படிச்சாக?" என்று கேட்டான். பாலிடெக்னிக்கில் என்றேன். எனக்கு அஞ்சாம் வகுப்போடு முடிந்தது, உனக்கு அங்கே முடிந்தது என்று சொல்ல வாய் வந்தது, கதவைச் சாத்தினேன்.

மார்ச் 10, வெள்ளி

நான் ஆபீசில் இருக்கும்போது மத்தியானம் தண்ணீர் வந்து போய்விட்டது. வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் சொட்டுகிறது. எதிர்வீட்டு கோமு நமக்காக இரண்டு குடம் பிடித்து வைத்திருந்தாள். கொடுக்கும்போது சும்மா கொடுப்பாளா?

"பக்கம் போடுத வீட்டுக்கே தண்ணி எப்ப வருதுன்னு தெரியலயா மதினி?"

குடத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு குடத்தில் எட்டு நாள். "நேரந்தான் தெரியுதேக்கா, எதுக்கு இத்தனை டிரம்முல நெறச்சு வைக்கே" என்று நீ சத்தம் போடுவாய். நான் உன் பக்கத்தை என்றைக்கு நம்பினேன்? வீட்டில் வாய் திறந்திருந்த எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன்.

கொசு மருந்து ஊற்றுகிற பெண் டார்ச்சோடு வந்தாள். "எல்லாத்துக்கும் துணி கட்டி வச்சிருக்கீங்களேம்மா, காலனியிலயே உங்க வீடுதான் சுத்தம். பின்னால நீல டிரம் ஒன்னு தெறந்து கெடந்துச்சே, அது?"

"கவுத்துட்டேன்."

"நல்லது. பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்க. ஒரு டிரம் போதும், ஒரு தெருவுக்கே காய்ச்சலக் கொண்டாந்துரும்."

எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். நான் நாலு தடவை சரி என்றேன். அவள் போன பிறகு எல்லாப் பாத்திரத்தையும் இன்னொரு முறை தேய்த்தேன். கோமு கொடுத்ததில் ஒரு குடம் அதிலேயே போய்விட்டது.

மார்ச் 11, சனி

ஜெயபால் கோப்பைத் திருப்பிக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே போட்டுவிட்டான். "எங்கடைச் சிஸ்டத்துல வச்சு நல்லாப் பாத்துட்டேன்கா, அதுல ஒன்னும் கோளாறு இல்ல."

கோளாறு இல்லாத பக்கம் ஐந்நூறு என்று காட்டுகிறது.

மார்ச் 13, திங்கள்

எட்டு பேர். அதில் ஒருவர் பக்கத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்து, உனக்குக் கடைசியில் எத்தனை நாள் காய்ச்சல், ரத்தத்தில் தட்டணு எவ்வளவு குறைந்தது என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வைத்தார். எனக்கும் வேறு வேலை இல்லை என்று முழுசாகச் சொன்னேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 14, செவ்வாய்

உன் காலேஜ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "ஜெசிந்தா மேடம், எதுன்னாலும்" என்று எழுதி ஒரு நம்பர் இருந்தது. எதுன்னாலும் என்றால் இதுவும்தானே. கூப்பிட்டேன்.

"செண்பகத்தோட அக்காவா? அவளுக்கே எல்லாம் தெரியுமே. அவளப் பேசச் சொல்லுங்க."

"அவ இல்ல டீச்சர்."

"எப்ப வருவா?"

"வர மாட்டா டீச்சர்."

அந்தப் பக்கம் கத்துகிற பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அப்புறம், "ஞாயித்துக்கெழம வாரேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதீங்க" என்றாள்.

மார்ச் 19, ஞாயிறு

டீச்சர் வந்தாள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் டீச்சர் என்றுதான் வாய் வருகிறது. தோளில் பை, தலையில் ஒரு கிளிப், பேச்சு சாட்டை மாதிரி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றுகொண்டே அந்தக் கோப்பைத் திறந்தாள்.

"அக்கா, இத யாரு தொட்டது?"

"ஜெயபால்."

"அதுக்கு முந்தி?"

"யாரும் தொடல."

"முதல் வரியில 'உ'ன்னு இருக்கே. ஜெயபால் போட்டானா?"

சரி, தொட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன். உனக்கு நாற்பதாம் நாள் கழிந்த மறுநாள் தொட்டேன். பக்கத்தின் அடியில் உன் பெயரும் நம்பரும் இருந்தது. பார்க்கிறவன் எல்லாம் புது நேரம் ஏறவில்லை என்று அந்த நம்பருக்கு அடிக்கிறான். உன் போனை நான் அணைக்கவில்லை, பீரோவில் வைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். எடுத்தால், "செண்பகமா?" என்கிறார்கள். எத்தனை பேருக்குச் சொல்வது? உன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடலாம் என்று நினைத்தேன். பெயரைத் தொடவில்லை, நம்பர் மட்டும். தெருப் பெயர் அடிக்க நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே கோப்பைத் திறந்தேன். மளிகைச் சீட்டுக்கே பிள்ளையார் சுழி போடுகிறவள் நான். துக்க வீடுதான், ஆனாலும் அதைப் போடாமல் எனக்குக் கை ஓடாது. தலையில் ஒரு உ போட்டேன், அடியில் நம்பரை மாற்றினேன், மூடிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

டீச்சர் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இந்தப் பொட்டியில சர்வர்னு ஒன்னு இருக்குல்லா, அது வெறும் வாசக்காவல்தான்க்கா. அதுக்குக் கணக்குத் தெரியாது. ஆள் வந்து தண்ணி எப்பன்னு கேட்டா, சி.ஜி.ஐ.ன்னு ஒரு அறை இருக்கு, அதுக்குள்ள கெடக்கிற புரோகிராம எழுப்பி விடும். எழுப்புததுக்கு முன்னால முதல் ரெண்டு குறியப் பாக்கும். கம்பி வேலி மாதிரி ஒன்னு, பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி. அதுல இருந்துதான் இத எந்த பாஷையில படிக்கணும்னு அதுக்குத் தெரியும். அதுக்கு மேல எது இருந்தாலும் இது வெறுங்காகிதம்னு விட்டுரும்."

"சாமி எழுத்துன்னாலுமா?"

"சாமி எழுத்துன்னாலும்."

"அப்ப எங்கதான் போட?"

"ரெண்டாவது வரியில போடுங்க. முன்னால ஒரு கம்பி வேலிய நட்டுட்டா, அது இருக்குன்னு தெரிஞ்சும் தெரியாத மாதிரிப் போயிரும்." அப்படியே பிள்ளையாரை ஒரு வரி கீழே இறக்கி வைத்தாள்.

எழுப்பிவிட்டால் அந்தப் புரோகிராம் அப்புறம் என்ன செய்யும் என்று கேட்டேன்.

"கேட்டவங்களுக்குப் பதில் சொல்லும். சொன்னதும் செத்துரும். அடுத்த ஆள் கேட்டா அதையே புதுசா..." என்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நல்ல பிழைப்பு" என்றேன்.

பிள்ளையாரை இறக்கிய பிறகும் ஐந்நூறுதான். ஜெயபால் கடைக்குப் போய் வந்ததில் வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்று தோண்ட ஆரம்பித்தாள், கரண்ட் போய்விட்டது. அவளுக்கு அஞ்சு மணி பஸ். காலையில் பொங்கி வைத்திருந்த சோற்றைச் சாப்பிடாமலே போனாள். உன் சிநேகம் எல்லாம் உன்னை மாதிரியே.

மார்ச் 21, செவ்வாய்

டீச்சர் போனில் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், நான் மூன்று முறை தப்பாக அடித்தேன், மூன்று முறையும் பெட்டி என்னைத் திட்டியது. கடைசியில் ஏழு, ஐந்து, ஐந்து என்று முடிகிற ஒரு வரி.

"அந்தக் கோப்ப இப்ப படிக்கலாம், ஓட்ட முடியாது. ஓடுததுக்கு அனுமதி இல்லாமக் கெடக்கு. பென்டிரைவுல போயிட்டு வந்தா அது போயிரும்."

"நம்ம வீட்டுப் பொட்டியில ஓடுததுக்கு யாரு டீச்சர் அனுமதி குடுக்கணும்?"

"நீங்கதான்க்கா. அதத்தான் இப்ப அடிக்கச் சொல்லுதேன்."

கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலும் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஏதாவது ஒன்று அதற்குப் பிறகு சரியாக நடந்ததா?

இன்னும் ஐந்நூறு.

மார்ச் 23, வியாழன்

பெட்டியில் தூசி இல்லாமல் துடைத்து வைக்கச் சொல்லிப் பரமகுரு சார் ஆள் விட்டிருந்தார். கூட்டம் முடிந்த கையோடு எடுத்துக்கொள்வார்களாம். தூசியா? தினமும் இரண்டு வேளை துடைக்கிறேன். அவர் வீட்டில் போய்ப் பார்த்தால் தெரியும் எங்கே தூசி இருக்கிறதென்று.

இன்னும் மூன்று நாள்.

மார்ச் 25, சனி

ஓடுகிறது.

டீச்சர் லீவு போட்டுவிட்டு வந்தாள். கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருந்ததாம். ஜெயபால் கடைச் சிஸ்டம் வேறு ஜாதி, அது எதைத் தொட்டாலும் வரிக்கு வரி அதை ஒட்டிவிடுமாம். முதல் வரியிலும் ஒட்டியிருந்ததால் எந்தப் பாஷை என்று சர்வருக்கு விளங்காமல் முழித்திருக்கிறது. "நல்லாப் பாத்துட்டேன்கா"ன்னானே, அந்தப் பார்வைதான். டீச்சர் ஒரே ஒரு வரி அடித்தாள். நூத்து நாற்பது வரியிலும் அந்தக் குறி உதிர்ந்துவிட்டது.

போனில் பக்கத்தைத் திறந்தேன். ஐந்நூறு இல்லை. அஞ்சு தெருவும் வரிசையாக வந்து நின்றது. அடியில் உன் பெயர், என் நம்பர்.

"ஏதோ ஒரு தேதி பாக்கணும்னீங்களேக்கா, பாருங்க" என்றாள் டீச்சர்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்துவிட்டேன். பால் வைத்திருக்கவில்லை. போய்த்தான் வைத்தேன்.

அவள் கிளம்பும் முன்னால் மாசாணம் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். "நாளைக்கு அஞ்சு பத்துக்கு உங்க தெரு தாயி. அரைமணி நேரம்தான்." நீ எழுதுகிற இடத்தில் நானே அடித்தேன். மூன்று, இருபத்தாறு, அஞ்சு பத்து. டீச்சர் என் கையைப் பிடிக்கவில்லை, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 26, ஞாயிறு

கூட்டம் அஞ்சு மணிக்கு, கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில். நாற்காலியை நான்தான் துடைத்துப் போட்டேன்.

பரமகுரு சார் ஆரம்பித்தார். காலம் மாறிவிட்டது, போனிலேயே எல்லாம் வருகிறது, ஒரு குரூப் போட்டால் போதும் என்று நன்றாகத்தான் பேசினார். ஜெயபால் பக்கத்தில் நின்று தலையாட்டினான். "ஆகவே அந்தப் பெட்டியை" என்று சார் சொல்லும்போது கோமு போனைப் பார்த்துவிட்டு எழுந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோரும் நடக்கிறார்கள்.

"எங்கம்மா போறீங்க? நான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"அஞ்சு பத்துக்கு எங்க தெருவுக்குத் தண்ணி சார். பக்கத்துல போட்டிருக்கு."

"யாரு போட்டா?"

"மதினிதான்." கோமு என்னைக் கை காட்டினாள். "நீங்க பேசிக்கிட்டு இருங்க, பிடிச்சுட்டு வந்து கைதட்டுதோம்."

மூன்றாம் தெருப் பெண்கள் ஒருத்தி மிச்சமில்லை. சார் வீட்டம்மாவும் எழுந்துவிட்டாள், அவர்களும் மூன்றாம் தெருதானே. நானும் குடம் எடுக்கப் போனேன். அஞ்சு பன்னிரண்டுக்குக் குழாய் இருமிவிட்டுத் தண்ணீர் விட்டது. திரும்பி வந்தபோது மரத்தடியில் சாரும் ஜெயபாலும் காலி நாற்காலிகளும்தான். பெட்டியைப் பற்றி அப்புறம் ஒருவரும் பேசவில்லை. சார் என்னிடம் வந்து, "தினமும் எழுதிருவியாம்மா? விட்டுர மாட்டியே?" என்று மட்டும் கேட்டார்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? இத்தனை பேரையும் பழக்கிவிட்டுப் போனது நீ.

மார்ச் 27, திங்கள்

இன்று யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 28, செவ்வாய்

இன்றும் ஒருவரும் கூப்பிடவில்லை. பக்கம் ஓடினால் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? ஆபீசில் எட்டு மணி நேரம் போன் மேசையில் சும்மா கிடந்தது. வழியில் அந்த இரண்டாம் தெருக்காரி எதிரே வந்தாள், சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நின்று ரெண்டு வார்த்தை பேசினால் குறைந்தா போவாள்?

போர்வை இரண்டையும் துவைத்தேன். அழுக்கு இல்லை. ஜனவரி 19-ஐ இன்றைக்குப் பார்க்க நேரமில்லை.

மார்ச் 29, புதன்

டீச்சருக்கு லீவு. கூப்பிடாமலே வந்துவிட்டாள். வந்ததும், "பாத்தீங்களாக்கா?" என்றாள்.

"இல்ல."

"பொட்டி ஓடாமக் கெடந்த வரைக்கும் அவ்வளவு அவசரப்பட்டீங்க. அதுக்கு முந்தி நாப்பது நாள் நல்லாத்தான் ஓடியிருக்கு. அப்பவே பாத்திருக்கலாமே."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே எனக்கு இடம் விட்டாள். நான் அடித்தேன். மூன்றாம் தெரு. ஜனவரி 19.

தண்ணீர் இல்லை. அடுத்த முறை ஜனவரி 21, காலை ஆறரை.

அவ்வளவுதான் இருந்தது. பக்கம் பொய் சொல்லவில்லை. மாசாணம் அண்ணாச்சி ஏமாற்றவில்லை, அன்றைக்கு அவர் திறக்க வேண்டியதே இல்லை. நான் இரண்டு மாசமாக அந்த மனிதரை எப்படியெல்லாம் வைதிருக்கிறேன்.

"காய்ச்சல்ல கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது டீச்சர். மாத்திப் படிச்சிருப்பா" என்றேன்.

டீச்சர் வேறு ஒரு கோப்பைத் திறந்தாள். யார் எப்போது எந்தத் தெருவைக் கேட்டார்கள் என்று சர்வர் தானாகவே எழுதி வைத்துக்கொள்ளுமாம். ஜனவரி 19-இல் மூன்றாம் தெருவை ஒரே ஒரு போன்தான் கேட்டிருக்கிறது. என்ன போன் என்றுகூட அதில் இருந்தது. பீரோவிலிருந்து உன் போனை எடுத்து வந்து பின்பக்கம் இருந்த எழுத்தையும் எண்ணையும் அவளிடம் காட்டினேன். அதேதான்.

"மூணு அம்பத்திரண்டுக்கு ஒரு தடவ. மூணு அம்பத்தாறுக்கு இன்னொரு தடவ. ரெண்டு தடவயும் அன்னைக்குத் தேதியத்தான் கேட்டிருக்கா. ரெண்டு தடவயும் இல்லன்னுதான் சொல்லியிருக்கு" என்றாள். பிறகு, "தேத்தண்ணி நான் போடட்டுமாக்கா?" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

நாலு மணிக்கு என்னைப் போகச் சொன்னாய். அதுவரை மூன்று நாள் நான் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. "நாலரைக்குத் தண்ணி வருதுக்கா. போய்ப் பிடிச்சு வச்சிட்டு, குளிச்சு, ஒரு வாய் தின்னுட்டு ஆற அமர வா. இவ்வளவு அவசரம் என்ன, நான் எங்கயும் போயிர மாட்டேன்" என்றாய். நல்லாத்தான் சிரித்தாய். உதடு வெடித்திருந்தது, துணியை நனைத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் குளிக்கவில்லை மொச்சை. ஒரு வாய் தின்னவும் இல்லை. தண்ணீர் எந்த நிமிஷம் வருமோ என்று ஆறரை வரைக்கும் குடத்தோடு குழாயடியிலேயே நின்றேன். நின்ற நேரம் முழுக்க உன்னைத்தான் வைதேன்.

தண்ணீர் வராது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு என்னை அனுப்பினாயே, நான் உன் கட்டிலருகே இருந்து நீ போவதைப் பார்க்கக் கூடாது என்றா, இல்லை, அக்கா ஒரு வாய் சோறு தின்றுவிட்டு வரட்டும் என்றா?